சன்னல் விளிம்பில் ஒரு கிளாஸ்

மலேசியாவின் கேமரன் மலையில் உப்பை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இரண்டே நாளில் கசிந்து தண்ணீராகிவிடும். துவைத்த புடவை காய நான்கு நாளாகும். புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இதெல்லாம் விநோதமாக இருந்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்துக் கிராணி வீட்டில் முதல் நாளே கண்ட ஒரு பொருள் மட்டும் கொஞ்சமும் விநோதமாகத் தெரியவில்லை. பின்பக்கச் சன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்பு அங்கே குடியிருந்த அம்மாள் விட்டுப்போனது. லயத்து ஆட்கள் யார் வந்தாலும் பின்வாசல் படியில் உட்கார்ந்து அதில் தேநீர் குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிராணி என்பவர் தோட்டத்து எழுத்தர், அதாவது என் கணவர். லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்பாதைதான் இருக்கிறது. திருச்சியில் ஆங்கிலம் படித்த நாட்களில் சமத்துவம் பற்றி மேடையில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். பண்ணையாளுக்குக் கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றிய அப்பாவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். கடலைத் தாண்டியதும் அந்த வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ. புது இடத்தில் வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். கொட்டாங்குச்சிக்குக் கண்ணாடி எவ்வளவோ மேல் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் மாணிக்கம் ஒரு கேசட்டோடு வந்தான். தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மெஷினில் வேலை. முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு பழைய கிட்டார். ஓய்வு நாட்களில் லயத்தில் அவன் போடும் ஆங்கில ராக் பாட்டு என் சமையலறை வரை கேட்கும்.

“கிராணியம்மா, இதுக்கு அர்த்தம் சொல்லுங்க லா. தொண்டை கிழியக் கத்துறான். எதுக்குக் கத்துறான்னு தெரிஞ்சா நானும் சேந்து கத்துவேன்.”

கேசட் பெட்டியைப் படியில் வைத்து மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டேன். மனிதனின் பேராசையைத் திட்டும் பாட்டு அது. மலையை வளைத்து வேலி போட்டீர்களே, மழையை எங்கே அடைப்பீர்கள் என்று பாடகன் கேட்கிறான். அடுத்த அடியில், ஒரே கூரையின் கீழ் இரண்டு சாப்பாட்டு மேசை போட்டது யார் என்கிறான். நான் சொல்லச் சொல்ல மாணிக்கம் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டான்.

“மேசையில சாப்பிடுறது யாரு இங்க? திருவிழாவுல இதத் தமிழ்ல பாடப்போறேன். நம்ம ஆளுங்களுக்கு விளங்காதே.”

“அப்ப மேசைய விடு. அவங்க தினம் பாக்குறதா ஒண்ணு வச்சுப் பாடு” என்றேன். வாத்தியாரம்மா தோரணை. அவன் கையில் அந்தக் கிளாஸ் இருந்தது. தலையாட்டிவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தான், கழுவினான், கவிழ்த்தான்.

மாரியம்மன் திருவிழா மேடையில் அவன் பாடியபோது முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லயத்துச் சனம் எங்களுக்குப் பின்னால் பாயில் இருந்தது. “மலைய வளச்சு வேலி போட்ட, மழைய எங்க வைப்ப? ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு கிளாசு, எதுல தாகம் தீப்ப?” என்று வந்ததும் பாயிலிருந்து விசில் பறந்தது. என் காது சூடேறிப் போயிற்று. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அந்த மாதம்தான் தோட்ட நிர்வாகம் ஓடையோரத்து நிலத்துக்குக் கம்பி வேலி போட்டிருந்தது. லயத்துக்காரர்கள் கீரையும் கோசும் போட்டுத் திரிங்காப் சந்தைக்குப் போகும் லோரிக்கு ஏற்றிவந்த நிலம் அது. தோட்ட மேனேஜரான துரையைத்தான் ஏசிப் பாடுகிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பாட்டுக்கு இங்கிலீஷில் அர்த்தம் சொல்ல வேண்டுமாம். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்காதீர்கள். பினாங்கில் பிறந்த சீனர். ஆனாலும் துரை துரைதான்.

“பாத்துப் பேசு. வேலை போனா லயத்து வீடும் போயிடும். சிவப்பு ஐசிக்காரனுக்கு வெளிய யாரும் வேலை தரமாட்டான்” என்று என் கணவர் வாசலில் கிசுகிசுத்தார். இங்கேயே பிறந்தும் மாணிக்கத்துக்குக் குடியுரிமை இல்லை. நேற்று வந்த எனக்கும் அதே சிவப்பு அடையாள அட்டைதான். உள்ளே அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றான்.

“இந்த வேலி எந்த வேலி?” என்றார் துரை ஆங்கிலத்தில்.

“அது இங்கிலீஷ் பாட்டில் வருவது சார். வேறு தேசத்து வேலி.”

“இரண்டு கிளாஸ்? நான் குடிப்பது ஒன்று, அவர்கள் குடிப்பது ஒன்றா?”

மாணிக்கம் என்னைப் பார்த்தான். “இல்லை சார். இரண்டுமே என் வீட்டில் இருப்பவை. இந்தப் பாட்டு என்னைப் பற்றியது” என்றேன். கணவர் தலை குனிந்தார்.

துரையின் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானா? சுகாதாரத்துக்கு நல்லதுதானே. என் மனைவியும் வீட்டில் ஆளுக்கொரு கப் வைத்திருக்கிறாள்” என்று சிரித்தார். விளக்க வாயெடுத்தேன். கணவர் இருமினார். மூடிக்கொண்டேன். மாணிக்கத்தை வேலைக்குப் போகச் சொன்னார் துரை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய உண்மையை நான் சொன்னதில்லை, அதை அவ்வளவு லேசாக யாரும் தட்டிவிட்டதுமில்லை.

சாயங்காலம் மாணிக்கம் பின்வாசலுக்கு வந்தான். கிளாஸைத் தொடாமல், அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் தேநீர் ஊற்றி நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை.

“எனக்காக உங்க வீட்டு மானத்த விட்டீங்க. மறக்கமாட்டேன். ஆனா ஓடைக்கரை வேலிய முழுங்கிட்டீங்களே, கிராணியம்மா. பாதிப் பாட்டு போச்சு.”

“உன் வேலைக்காகத்தானே மாணிக்கம்.”

“தெரியும். கேட்டிருந்தா முழுசாச் சொல்லுங்கன்னிருப்பேன். எனக்கும் வாய் இருக்குல்ல.”

சன்னலிலிருந்து கிளாஸை எடுத்தான். “இது என்னதுதானே” என்று சொல்லி சட்டைத் துணியில் துடைத்து, பாதையைக் கடந்து லயத்துக்குக் கொண்டு போனான். தேநீர் என் கையில் ஆறியது. உள்ளே போய் அழுதேன்.

எண்பதுகள் பிறந்துவிட்டன. ஓடையோரத்து வேலி அப்படியே இருக்கிறது. இப்போது எல்லாருக்கும் என் வீட்டு டம்ளரிலேயே தேநீர் தருகிறேன். பலர் அவசர வேலை என்று போய்விடுகிறார்கள். சன்னல் விளிம்பில் அந்தக் கிளாஸ் வருடக்கணக்காகக் கவிழ்ந்திருந்த வட்டக் கறை இன்னும் போகவில்லை, நானும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, ஊரிலிருந்து வந்த என் டம்ளரை அதன்மேல் கவிழ்க்கிறேன். வாய் அகன்ற டம்ளர். ஒருநாளும் அந்த வட்டத்தில் பொருந்தி உட்கார்ந்ததில்லை.