பூசைக்குக் கழற்றிய கூண்டு

அரசாங்கம் உதவி செய்யப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, அது எங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம். அப்படி நினைக்க எங்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. உதவி எங்களுக்கல்ல, தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு. வேலைத்தளத்தில் ஆட்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அதன்படி நடக்கத் தெரியாத, நடக்க வசதியில்லாத முதலாளிமாருக்குச் சொல்லிக்கொடுத்துக் கைகொடுக்க ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"யாருக்குக் குடுத்தா என்ன புள்ள, மெசினுக்கு மூடி வந்தாச் சரி" என்றாள்.

எங்கள் தோட்டத்து ஸ்டோர் நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அக்கா அங்கே தூள் சலிக்கிற மெசினில் நின்றாள். நான் அதே அறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தூளிலிருந்து குச்சி பொறுக்குவேன். புருஷன் செத்த பிறகு அக்கா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என்னோடுதான் இருந்தாள். வருஷக்கணக்காக மலையில் கொழுந்து பறித்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நொந்துபோய், யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோருக்குள் வந்தவள் அவள். அந்த மெசினுக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் அவளுக்குச் சொத்து மாதிரி. லீவு போடமாட்டாள். காய்ச்சலோடு வந்து நிற்பாள். "ஒன் மெசினை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்று நான் கிண்டல் செய்தால் முறைப்பாள்.

திட்டத்திலிருந்து வந்தவர் ஒரு சிங்கள அம்மா. நல்ல மனுஷி, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார். வழக்குப் போட வந்திருக்கிறார் என்ற பயம் அவருக்கு. அந்த அம்மா அவரிடம் சிங்களத்தில் பேசிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பயம் வேணாம். வழக்கு போட வந்தது இல்ல. தொரைக்கு உதவி செய்யத்தான் வந்தது."

பிறகு அக்காவின் மெசினுக்கு முன்னால் வந்து நின்றார். பக்கவாட்டில் சக்கரமும் அதைச் சுற்றி ஓடும் பெல்ட்டும் திறந்தபடி கிடந்தன.

"இதுக்கு மூடி எங்க?"

"நான் வந்த நாள்லேருந்து இப்படித்தாங்க மிஸ் இருக்கு" என்றாள் அக்கா.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஹட்டனிலிருந்து கம்பிக் கூண்டுகள் வந்து இறங்கின. செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஒருநாள் எங்களை உட்காரவைத்துப் படம் காட்டி, எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். கூண்டு மாட்டிய அன்று அக்கா அதைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். இதெல்லாம் ஒரு பெருமையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்கு ஸ்டோர் ஓடாது. மெசின்களைக் கழுவித் துடைத்து, விபூதி பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவோம். சலிக்கிற மெசினுக்கு எப்போதும் சக்கரத்தின் நடுவில்தான் பொட்டு வைப்பது. அந்த வருஷம் சக்கரத்துக்கு முன்னால் கூண்டு நின்றது. கூண்டின் மேலேயே வைத்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"மொகத்தை மூடிக்கிட்டு இருக்கிறவளுக்கா பொட்டு வப்பீங்க? இரும்புல படணும்" என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மெசின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "சாமி விசயம், நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லிக்கொண்டே நட்டுகளைக் கழற்றிக் கூண்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஸ்டோரில் எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற டீமேக்கர் ஐயா சிங்களவர், ஆனாலும் முதல் தேங்காயை அவர்தான் உடைப்பார். உடைத்தார். சுவரில் சாய்ந்திருந்த கூண்டையும் பார்த்தார். யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. சுண்டல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் கூண்டை மாட்டப் போனபோது செவ்வந்தி மாலை இடித்தது. மெசினின் சட்டத்தில், சக்கரத்துக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது. கூண்டை மாட்டினால் மாலை நசுங்கும். பூசையில் போட்ட மாலையை ஆள் கையால் எடுப்பது எங்கள் ஸ்டோரில் வழக்கமில்லை. காய்ந்து தானாக விழவேண்டும். பூசை போட்ட லாரியின் முன்னால் தொங்குகிற மாலையை யாராவது பிய்த்துப் போடுகிறார்களா, அது போலத்தான். "காயட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார் பிட்டர் அண்ணன். அந்த வாரம் மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்தது. எல்லா மெசினும் ஓய்வில்லாமல் ஓடின. கூண்டு சுவரோரமே நின்றது.

மாலை காய்ந்து இதழ் இதழாக உதிர ஆரம்பித்தது. தூளில் குப்பை விழுந்தால் டீமேக்கர் ஐயா வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுவார். அக்காவுக்கு மாலையை எடுக்க மனம் வரவில்லை. தூளில் விழவிருந்த பூவை மட்டும் எடுத்துவிடலாம் என்று கையை நீட்டியிருக்கிறாள். அவ்வளவுதான். மெசினின் சத்தம் மாறியதைக் கேட்டு நான் தலை தூக்கினேன். "அம்மா" என்று அக்கா ஒரேயொரு முறை கத்தினாள். பிட்டர் அண்ணன் ஓடிவந்து நிறுத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. கெட்ட கெட்ட வார்த்தையாக வந்தது எனக்கு. யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியாமல் திட்டிக்கொண்டு அவளை லாரியில் ஏற்றினேன்.

கண்டிக்கு அனுப்பித்தான் வைத்தியம் பார்த்தார்கள். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

காயம் ஆறியதும் அக்கா பழக ஆரம்பித்தாள். அரிசியைச் சொளகில் போட்டுப் புடைத்துப் பார்ப்பாள். கரண்டி பிடிப்பாள். சட்டைப் பொத்தான் போடுவாள். கை வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும், மலைக்கு இனி அவள் ஆகமாட்டாள். ஸ்டோர் இல்லையென்றால் அவளுக்கு வேறு வேலையில்லை. இதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்த நாளில் அந்தச் சிங்கள அம்மாவும் வந்திருந்தார். பூசையை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது கண் கலங்கினார். "பூசை வைங்க. மூடி மேல பொட்டு வைங்க. சாமி கோவிக்காது" என்றார். இந்த முறை வந்த கூண்டு வேறு. திறந்தால் மெசின் தானாக நின்றுவிடும். சாவி ஆபீசில் இருக்கும். அதற்கும் அரசாங்கம் ஒரு பங்கு கொடுத்தது.

அதோடு தொரைக்கு இன்னும் சில ஆலோசனைகள் சொன்னார். அதில் ஒன்று, கையில் பிடிமானம் இல்லாத ஆளை ஓடுகிற மெசினுக்குப் பக்கத்தில் நிற்பாட்டக் கூடாது என்பது. சொன்ன எதையும் ஞாபகம் வைத்திராத தொரை, அந்த ஒன்றை மட்டும் அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அறை வாசலில் அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அந்த அம்மாவையே பார்த்துக் கேட்டாள். "இனிமே அதுக்குள்ள யாரு கையும் போகாதுன்னுதானே சொன்னீங்க மிஸ்? அப்புறம் என்னை எதுக்கு வெளிய நிப்பாட்டுறாங்க?"

அவர் தொரையை ஒருமுறை பார்த்தார். "ஒங்க நல்லதுக்குத்தான் அக்கா."

"அப்ப நல்லதுக்கு ஒரு வேலையும் குடுக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னார், என் காதாலேயே கேட்டேன். லேசான வேலை ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னார். பார்ப்போம் என்றார் தொரை. தொரை பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஜீப்பில் ஏறும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயந்திரம் டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டார். மெசினுக்கு ஆள் வேண்டுமாம். "ஒனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்குதானே?" என்று கேட்டார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவிடமும் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"போ புள்ள. நீ போகலைன்னா வேற எவளாவது வந்து நிப்பா. என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

காலையில், தான் ஸ்டோரில் போடுகிற மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் அதன் வலது கைத்துணியை வெட்டித்தான் கோட்டை அவள் மேலிருந்து கழற்றியிருந்தார்கள். வெட்டிய இடத்தை அவள் தைத்து வைத்திருந்தாள். மிஞ்சிய இரண்டு விரலால், நெருக்க நெருக்கமாக, எப்போது உட்கார்ந்து தைத்தாளோ எனக்குத் தெரியாது. அவள் திரும்பிப் போவதற்காகத் தைத்தது அது. போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.