துட்டிக்கு நானே போய் அழைத்தேன்

கொரோனா இரண்டாவது அலை அடங்கியிருந்த ஆடி மாதம் அது. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையை ஒட்டியது எங்கள் ஊர். தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள்தான்; நானும் அதில் ஒருத்தி. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். இருக்கட்டும். அந்த வாயை வைத்து நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

அதற்கு முந்தின சித்திரையில்தான் என் வீட்டுக்காரர் போனார். வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வந்து, "மேலெல்லாம் வலிக்கு, தொண்டை வேற கரகரங்கு" என்றார். தார் சுமந்த அலுப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். மறுநாள் மண்டியில் எல்லோரையும் தடுப்பூசி போடக் கூட்டிப்போனார்கள். இவரும் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கே காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கிவிட்டது. ஊசிக்கு முன்னாலேயே நோய் உள்ளே வந்துவிட்டது என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். உறையில் சுற்றி அங்கேயே எரித்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் துட்டிக்குப் போய்விடுவார்கள். போய் உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சொல்லிச் சொல்லித்தான் பாரம் கொஞ்சமாவது இறங்கும். என் வீட்டுக்கு ஒரு ஈ, காக்கா வரவில்லை. நோய் வந்த தெரு என்று தெருமுனையை அடைத்து அடித்த தகரத்தைப் பிடுங்கிய பிறகும் வரவில்லை. என்னைக் கண்டால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

யாரும் வந்து கேட்காததால், என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தாங்களாகவே ஒன்றைப் பேசிக்கொண்டார்கள். ஊசி போட்டார், செத்தார். அவ்வளவுதான் கதை.

ஆடியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நான் போனேன். பெட்டியை வைத்துக்கொண்டு நர்ஸம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். "யாருமே வரல்லியேம்மா?" என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுக்காரரத்தாம்மா எல்லாரும் சொல்லுதாங்க" என்றார். போட வந்த ஊசியையும் மறந்து அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

எதிர்வீட்டில் எனக்கு மதினி ஒருத்தி உண்டு. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவளுக்குப் பல வருஷமாக இளைப்பு. நாலு எட்டு நடந்தால் மூச்சு விசில் அடிக்கும். கொரோனா வந்தால் முதலில் கொண்டுபோவது இவளைப் போன்ற ஆளைத்தான் என்று நர்ஸம்மா வேறு சொல்லியிருந்தார். நேரே அவள் வாசலில் போய் நின்றேன்.

"மதினி, ஊசி போட வாங்க."

"என் தம்பியக் கொன்ன ஊசிய எனக்கும் போடச் சொல்லுதியாட்டி?" என்று கதவைச் சாத்திவிட்டாள். கதவுக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மனுஷர் உயிரோடு இருந்தபோது யாருக்கும் ஒரு கெடுதல் செய்தவரில்லை. அவர் சாவைக் காட்டி இன்னொரு உயிர் போவதா? விடுவேனா நான்!

முகாமை என் வீட்டு வாசலில் வைக்க முடியுமா என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். அவர் மேலே கேட்டுச் சம்மதம் வாங்கினார். நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "ஞாயித்துக்கிழமை காலைல என் வீட்டுக்குத் துட்டி கேக்க வந்துருங்க" என்றேன்.

துட்டிக்கு யாராவது அழைப்பு வைப்பார்களா? "என்னடே இது, கல்யாணத்துக்குக் கூப்பிடுத மாதிரில்லா கூப்பிடுதா!" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நான் விடவில்லை. "நர்ஸம்மாவும் அங்கன இருப்பாவ. ஊசி போடுததும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா என் வீட்டுக்கு நீங்க ஒரு துட்டி பாக்கி வச்சிருக்கியல்லா? அத வந்து தீத்துருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி, பிறகு கும்பலாக. அவர்கள் கண் முன்னால் முதல் ஊசியை நான் போட்டுக்கொண்டேன். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். "தள்ளி நில்லுங்கம்மா, கட்டிப்பிடிக்காதீங்க" என்று நர்ஸம்மா கத்தியது யார் காதில் விழுந்தது? அழுது முடித்து ஒருத்தி கேட்டாள், "எப்படிட்டி ஆச்சு?"

சித்திரையிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. மேல்வலியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்து வந்தவளுக்கும் சொன்னேன். அதற்கடுத்தவளுக்கும் சொன்னேன். "அப்ப ஊசிக்கு முந்தியே மேலுக்கு முடியாமத்தான் இருந்தாவளா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவளே எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

அதில் ஒரு வேடிக்கை. துட்டி வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். ஊசி போட்டவர்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் பைய நழுவ, நர்ஸம்மா வாசலை மறித்துக்கொண்டு, "அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போவணும்" என்று விரட்டிப் பிடித்தார். கூட்டமே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் மருந்து தீர்ந்து, இன்னொரு பெட்டி வரவழைக்க வேண்டியதாகிவிட்டது!

மதினி மட்டும் அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு மேல் மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி கடைசியா என்னட்டி சொன்னான்?"

"வண்டிச் சாவிய மண்டில குடுத்துரச் சொன்னாவ மதினி."

அவள் அழுத அழுகையைப் பார்த்து நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவே முந்தியே வலி இருந்துச்சா?" என்றாள். "நாந்தான மதினி தைலம் தேச்சேன்" என்றேன். எழுந்து நர்ஸம்மாவிடம் போனாள். நர்ஸம்மா அவளுடைய இளைப்பைப் பற்றி எல்லாம் விசாரித்து, போடலாம் என்றார். "பைய போடுங்கம்மா, எனக்கு ஊசின்னாலே பயம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

இரண்டாவது ஊசிக்கு அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். தை மாதம் அடுத்த அலை வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மதினிக்கும்தான். தினமும் கஞ்சி காய்ச்சி அவள் ஜன்னலில் வைத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டபடி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து தெருவே அதிர ஒரு சத்தம்: "ஏட்டி, கஞ்சில உப்பே இல்ல, என்னத்தட்டி காச்சி அனுப்புத?" நடுத்தெருவில் நின்று கண்ணீர் வழியச் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று கத்தக்கூடத் தோன்றியது. அந்த முறை எங்கள் தெருவில் ஒரு துட்டி வீடுகூட விழவில்லை.

இப்போதெல்லாம் ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும், அது என்ன நோயாக இருந்தாலும், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து "எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிடுகிறேன், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருப்பதும் இல்லை.