நெடி வந்தால் கண் இல்லை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடம், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய சமயம். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

வருடக்கணக்கில் விறகடுப்பில் இட்லிக் கடை நடத்தியதில் என் நுரையீரல் புகைக்கூண்டாகிவிட்டது. பனி, தூசு எது பட்டாலும் இளைப்பு. ஒவ்வொரு இளைப்புக்கும் உடம்பு வேறு கரைந்துபோகும். மூச்சு வாங்கினாலும் இளைப்பு, மெலிந்தாலும் இளைப்பு. எனக்கு இரண்டுமே இருந்தது. "மெலிய மெலிய மூச்சு விடுற தசையும் மெலியும்மா. அப்புறம் அடிக்கடி இழுக்கும். எடை ஏறியே ஆகணும்" என்றார் டாக்டர். ஊரே எடையைக் குறைக்க ஓடுகிறது, எனக்கு மட்டும் இப்படி ஒரு உத்தரவு!

என் வீட்டுக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முட்டை, அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வெள்ளிமலையிலிருந்து வரவழைத்த தினைமாவு உருண்டை. வயிறு முட்டினால் மூச்சு அடைக்கும் என்பதால் சின்னக் கிண்ணத்தில் நாள் முழுக்க ஊட்டினார். கிடா வளர்ப்பவர்கூட அத்தனை அக்கறை காட்டமாட்டார்.

எடை பார்ப்பது நெல் மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசில். ஒருநாள் எடை போடுபவர் உரக்கக் கூவினார். "மூணு கிலோ ஜாஸ்தியாயிட்ச்சிக்கா! சாக்குக்குக் கழிக்கட்டுமா?"

மண்டியே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவர் முகம்தான் சுருங்கிப்போனது. "அத்தினி பேர் கண்ணும் உன் மேலதான் மே. ஏறினது எறங்கிடப் போவுது" என்று வழியெல்லாம் புலம்பினார்.

சாரல் அடிக்கிறதென்று வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. என்னை உட்காரவைத்து, உப்பு, காய்ந்த மிளகாய், முச்சந்தி மண்ணைக் கையில் பொத்தி மூன்று சுற்று சுற்றி, தணல் சட்டியில் போட்டார். புகையே ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் கேஸ் அடுப்புக்கே மாறியிருந்தோம். திருஷ்டிப் புகையும் புகைதான் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. நெடி வந்தால் கண் இல்லை. வந்தது பாருங்கள் நெடி! நான் இருமி மடங்கி விழுகிறேன், அவர் கண்ணீரும் மூக்குமாகக் குதிக்கிறார். "நெடி அடிக்குது மே! கண்ணே படல!"

என் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்த பிறகுதான் குதிப்பது நின்றது. சட்டியை மழையில் வீசிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஷேர் ஆட்டோவில் எங்கள் மேல் அடித்த நெடிக்கு மற்றவர்கள் எல்லாம் தும்மினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார், "என்ன புகை பட்டுச்சு?"

"தாளிச்சிக்கினு இருந்தோம் சார்."

"எதை?"

இவர் தலை குனிந்தது. "இவளத்தான் சார்."

டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பிழைத்து எழுந்து எடை பார்த்தால், ஏறியது எல்லாம் போய் அதற்குக் கீழேயும் இறங்கியிருந்தது. "எவன் கண்ணும் இல்ல மே, என் கைதான் பட்டுட்ச்சி" என்று இவர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மூச்சு வாங்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுபடி கிண்ணத்தைத் தூக்கினார். இப்போது எடை தேறிவிட்டது. மண்டியில் தராசு முள்ளைத் துண்டால் மறைத்து, "எங்கப்பா, எளச்சிக்கினே போறா" என்று கூசாமல் பொய் சொல்கிறார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம்தான், அதுவும் தெருவில். ஆனாலும் நான் இருமினேனா, உண்டேனா, இளைத்தேனா என்று ராப்பகலாக என் மேலேயே கிடக்கிற அவர் கண்ணைவிடப் பெரிய கண் என் மேல் பட்டதில்லை. அதைச் சுற்றிப்போட மட்டும் எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.