களிமண் ஊர் மாப்பிள்ளை

“மண்ணுக்குக் கீழ போனது மண்ணோட போச்சி. ஆரு கிண்டிப் பாக்கப்போறா? உங்கட வேலையப் பாருங்க மதினி.”

அபுல் ஹஸன் இப்படித்தான் என்மேல் சீறினார். என் தங்கையின் புருஷன் அவர். தங்கை மவுத்தாகிக் கண்மூடிவிட்டாள். இளைய மகளுக்குக் கட்டிய வீட்டுக் கக்கூசுக் குழியை, மூத்தவள் நஸ்லியாவின் கிணற்றடியில் வெட்டவேண்டாம் என்றேன். அதற்குத்தான் அந்தப் பேச்சு.

மனுஷன் சம்மாந்துறையில் வயற்காரக் குடும்பம். கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து தலை நரைத்த பிறகும் மனசில் கிடந்தது அந்த ஊர்க் களிமண்தான். அங்கே வெட்டின குழி சட்டி மாதிரி நிற்கும். ஊற்றியது அங்கேயே கிடக்கும். இங்கே கடற்கரை மணல். இடுப்பளவு தோண்டினால் தண்ணீர். எங்கள் வழக்கப்படி மகளுக்கொரு வீடு கொடுத்தாக வேண்டும். இருந்ததோ ஒரு துண்டு வளவு நிலம். இரண்டு வீடும் எழும்பியதும் குழிக்கு நஸ்லியாவின் கிணற்றடி வேலியோரம்தான் மிஞ்சியது. கொங்கிறீட் வளையம் இறக்கினார். அடி போடவில்லை. தண்ணீர் தானாக வடியும், அழுக்கு குழியிலேயே கிடக்கும் என்றார்.

வடிந்தது. மாரி மழையோடு நஸ்லியாவின் கிணற்றுக்கே வடிந்தது. அவள் மகனுக்குச் செங்கமாரி, கண்ணெல்லாம் மஞ்சள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தண்ணீரைச் சோதித்த சுகாதாரப் பரிசோதகர், மணலுக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது, குழியில் விட்டதைத்தான் இந்த வீடு குடித்திருக்கிறது என்று சொல்லிக் கிணற்றை மூடச் சொன்னார்.

பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். நஸ்லியா வாப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் வாங்கிய தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். அது ஆறிப்போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக்கூடப் பள்ளிவாசலுக்குப் போனார்.

ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார்: “அவள் ஒருக்கா ஏசினாளெண்டா எனக்கு ஆறும் மதினி. வாயத் திறக்கிறாளில்ல.”

“ஏசுறதுக்கு என்ன மிச்சம் வெச்சிரிக்கீங்க?” என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுவாரம் பழைய குழியை அள்ளித் தூர்த்துவிட்டு, அடி மூடிய பிளாஸ்டிக் கழிவுத் தாங்கி ஒன்றை லொறியில் கொண்டுவந்தார். அதை வளவின் மறுகோடியில், இளையவளின் முன்வாசலிலேயே புதைக்க ஆள் பிடித்திருந்தார். நஸ்லியா வாசலில் நின்று பார்த்தாள்.

“வாப்பா, இனி என்ட கிணத்துத் தண்ணிய எப்ப குடிக்கலாம்?”

அவர் தாங்கியைத் தடவிக்கொண்டு நின்றார். அதன் விலை தொண்ணூற்றையாயிரம் ரூபாய்.