மாரிசெல்வியின் தேக்சா

மாரிசெல்வி வீட்டில் மாவு பொங்குகிற நேரத்தில் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடக் கூடாது. விவரம் தெரியாமல் ஒருநாள் நான் திறந்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மூடுங்க அண்ணாச்சி! நாத்தம் மாவுல ஏறிரும். அப்புறம் ஒங்க ஆபீஸ்ல ஒருத்தரும் வாயில வைக்க மாட்டாவ." ஈரத் துண்டைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் திணித்த பிறகுதான் அடுத்த பேச்சு.

ஜன்னலுக்கு வெளியே ஓடுவது மித்தி ஆறு. ஓடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பவாய் பக்கத்து ஏரிகள் வழிந்து சுத்தமாகப் புறப்படுகிற தண்ணீர், வழியெல்லாம் பட்டறை எண்ணெயையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு, விமான ஓடுபாதைக்காக வளைந்து கொடுத்து, கண்ணாடிக் கட்டடங்களுக்காக ஒதுங்கிக் கொடுத்து, தாராவிக்கு வரும்போது கறுத்துக் கெட்டியாகிவிடுகிறது.

மாரிசெல்வியின் மாமனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தக் கரைக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்கு வந்தவர். தோல் கழுவிய தண்ணீரும் இதில்தான் போனது. அதை மாரிசெல்வி மறைப்பதில்லை. "எங்க மாமாவும் ஊத்துனவுகதான். ஷாப்பைத் தூக்கிட்டுப் போயி எத்தன வருசமாச்சு? இன்னமும் ஆறு கெட்டதுக்குத் தாராவிக்காரந்தான் காரணம்ங்கான். மேல இருக்கவன்லாம் பன்னீரா விடுதான்?" அதோடு விடமாட்டார். "நீங்க மாட்டுங்காவுல இருக்கீய. ஒங்க கக்கூசுத் தண்ணி எங்க போவுதுன்னு என்னைக்காவது பாத்திருக்கீயளா?"

எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் ஆறு உள்ளே வந்து கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து அரிசி களைந்த தண்ணீரைக்கூட அவர் அதில் ஊற்றுவதில்லை. "போட்டதெல்லாம் திரும்பக் கொண்டாந்து குடுத்துருச்சு அண்ணாச்சி." வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்பக்கச் சாக்கடைக்குப் போவார். அந்தச் சாக்கடையும் சுற்றிவந்து இதே ஆற்றில்தான் விழுகிறது. சொன்னால் முறைப்பார்.

காலையில் அலுமினிய தேக்சாவில் வெள்ளைத் துணி விரித்து, இட்லியை அடுக்கி மூடி, தலையில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு வருவார். அந்தப் பாத்திரத்தில் வேறு யார் கையும் படக் கூடாது. பசி பொறுக்காமல் உள்ளே கை விட்டவர்கள் சட்டுவத்தால் அடி வாங்கியிருக்கிறார்கள். தட்டை நீட்ட வேண்டும். "கித்னா?" என்பார். எத்தனை என்று கேட்கிறார்; எண்ணைச் சொன்னால் இட்லி விழும். அதிகாரியோ பியூனோ, எல்லோருக்கும் அந்த ஒரு கேள்விதான்.

எங்களுக்குக் கீழ்மாடியில் ஆற்றைத் தூர் வாருவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்குள்ள இன்ஜினியர் சாஹேப் மாரிசெல்வியின் நெடுநாள் வாடிக்கை. சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறவர்.

இந்த மே மாதம் ஜேசிபி வந்தது. ஆற்றில் அள்ளிய சகதியை மாரிசெல்வி வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் குவித்தது. காய்ந்ததும் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்றார்கள். லாரியும் வந்தது. தார்ப்பாயைக் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், வந்த மாதிரியே காலியாகப் போய்விட்டார்கள். "கல்யாணத்துக்கு வந்த மாதிரி போட்டோ புடிச்சுட்டுப் போறான்!" என்று மாரிசெல்வி என்னிடம் கத்தினார். நானும் அவருடன் கீழ்மாடிக்குப் போனேன். சாஹேப் இட்லியை விழுங்கிவிட்டுச் சாவகாசமாக, "உட்டா லியா, அம்மா. போட்டோ ஹை" என்றார். எடுத்தாயிற்றாம். படம் இருக்கிறதாம்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் குவியலுக்கும் மாரிசெல்வியின் கிரைண்டருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அது போனால் வீடும் பிழைப்பும் சேர்ந்து போகும். அவரோ, சகதியை அப்புறப்படுத்தச் சம்பளம் வாங்குகிறவர், அந்த வீட்டு இட்லியைத் தின்றுகொண்டே காலி லாரியின் போட்டோவைக் காட்டுகிறார். இதற்கு மேலும் எப்படிப் பொறுமையாக எழுதுவது?

மாரிசெல்வி அதன் பிறகும் தினமும் போய்க் கேட்டார். தினமும் அதே போட்டோ.

ஜூனில் முதல் மழை பெய்தது. குவியல் சரிந்து சுவரில் சாய்ந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு, அதன் வழியாகக் கறுப்பாகக் கசிந்து கிரைண்டரின் காலடியில் தேங்கியது. ஈரத் துண்டு வைத்து அடைக்கிற சங்கதி இல்லை அது.

மறுநாள் காலை மாரிசெல்வி வழக்கத்தைவிடத் தாமதமாகத் தேக்சாவோடு வந்தார். தட்டோடு ஓடிய எங்களை, "இன்னைக்கு ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி" என்று விலக்கிவிட்டு நேரே கீழ்மாடிக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். எப்போதும் வாசலிலேயே நிற்பவர், இன்று உள்ளே நடந்து சாஹேபின் மேஜைமேல் தேக்சாவை இறக்கினார். சாஹேப் போனில் பேசியபடியே தட்டை நீட்டினார்.

மாரிசெல்வி மூடியைத் திறந்தார். வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணியின் மேல் விளிம்புவரை ஆற்றுச் சகதி. நாற்றம் அறை முழுக்க ஏறியது.

மாரிசெல்வி சட்டுவத்தால் ஒரு வாரு வாரி, அவர் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கித்னா?"