அந்தக் கண்ணில் பாப்பா இல்லை

போன வருஷம் பங்குனியில் நடந்தது. நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டு, செல்லூரில் ஒரு நெசவாளி வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். எந்த வார்த்தை எப்படிப் பிறந்தது என்று தேடுவதில் எனக்குப் பைத்தியம். புதுமண்டபத்தில் வாங்கிய பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றைப் பத்து நாளாகப் பெயர்க் காரணங்களுக்காக மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். நோய், சிகிச்சை எல்லாம் நமக்கெதற்கு?

அன்று கண் பாடம் அகப்பட்டது. கருவிழியின் நடுவிலுள்ள துவாரத்துக்கு இங்கிலீஷில் ‘பியூபில்’ என்று பெயர். லத்தீனில் சின்னப் பொம்மை என்று அர்த்தமாம். எதிரே நிற்பவர் உருவம் அதில் பொம்மைபோலத் தெரிவதால் வந்ததாம். நாமும் கண்பாப்பா என்றுதானே சொல்கிறோம்! யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

வீட்டுக்கார அக்கா வாசல் வெளிச்சத்தில் நாலு வயது மகளை மடியில் வைத்திருந்தார். குழந்தைக்கு அம்மை இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்வரை மருந்து, டாக்டர் என்ற பேச்சே கூடாது. ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். வலக்கண் சிவந்து நீர் வடிவதை நாலு நாளாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டு அக்கா சிரித்தார். “இதுக்கா தம்பி இம்புட்டு ஓட்டம்?” என்றபடியே மகளின் முகத்தை நிமிர்த்தி இடது கண்ணுக்குள் பார்த்தார். பிறகு வலது இமையை மெல்ல விலக்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்தக் கண்ணுல நான் தெரியுறேன். இதுல இல்லையே தம்பி.”

குனிந்து பார்த்தேன். மூச்சுப் பட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது.

அவர் கணவர் தடுத்தும் கேட்காமல் ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவிழியைப் புண் அரித்துவிட்டது, சிவந்தபோதே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

திரும்புகிற வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “ஒங்க புஸ்தகத்துல, பாப்பா திரும்பி வர வழி ஏதும் போட்டிருக்கா தம்பி?”

அறைக்கு வந்து தேடினேன். வழி இல்லை. ஆனால் பெயர்க் காரணத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, அம்மையில் கண் சிவந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று இருந்தது. பத்து நாளாக என் தலைமாட்டில் கிடந்த பக்கம்.

இப்போதெல்லாம் நான் தன் வலப்பக்கமாக வந்தால், அந்தக் குழந்தை முகத்தை முழுவதும் திருப்பித்தான் என்னைப் பார்க்கிறது. அந்த ஒற்றைக் கண்ணில் தெரிகிற என் உருவம் மிகவும் சின்னது. படித்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை.