மாரமங்கலத்து பேட்டரி

மாரமங்கலத்து பேட்டரி உரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் ஏற்காட்டின் ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு வரும். அங்கே ஒரு கடையில் சார்ஜ் ஏற்றி, மறுநாள் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவோம். அனுப்பி வைப்பவர் அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையத்து நர்சக்கா. எண்பதுகளின் கடைசியில், மலைக் கிராமங்களுக்கு ஒயர்லெஸ் செட் கொடுத்துப் பார்த்த ஒரு திட்டத்தில், ஏற்காட்டில் உட்கார்ந்து காது கொடுப்பது என் வேலை.

ஓர் ஊர் செய்தியை வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்தும் புதுமுறை ஒன்றைச் சோதிக்க இருந்தார்கள். அதற்கு முன், எந்த ஊர் செட் நிலையாக நிற்கிறது என்று தெரிய வேண்டும். விட்டுவிட்டுப் பேசும் செட்டில் சோதித்தால், கோளாறு முறையிலா செட்டிலா என்று யாருக்கும் விளங்காது. ஆகவே காலையும் மாலையும் கூப்பிடுவேன். பதில் தராத ஊரின் செட்டை எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். வாழவந்தி ஊர் செட் பாதி நாள் ஊமை. மாரமங்கலம் மட்டும் தவறாது. “மாரமங்கலமுங்க. நல்லா கேக்குதுங்க” என்று நர்சக்காவின் குரல் கணீரென்று வரும்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றது, பேட்டரியும் வரவில்லை. அப்போதும் மாரமங்கலம் பதில் சொன்னது. எங்கள் அதிகாரி பூரித்துப்போய், முதல் சோதனை அங்கேதான் என்று முடிவு செய்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பஸ் மறுபடி ஓடிய அன்று நர்சக்காவே பேட்டரியோடு வந்து இறங்கினார். கடைக்கு நடக்கும்போது, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார். மழைக்கு நடுவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. செட்டில் எங்களைக் கூப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரி ஜீப்பை மண்சரிவு வரையாவது அனுப்பியிருப்போம். அவர் கூப்பிடவில்லை. தூளி கட்டித் தூக்கிப் போகச் சொல்லிவிட்டார். பெண் பிழைத்தாள். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

“பேசுனா பேட்டரி எறங்கீருமுங்க. சாயங்காலம் நீங்க கூப்புடறப்ப பதிலில்லீனா செட்டை எடுத்துக்குவீங்க. அடுத்த பிரசவத்துக்கு என்னங்க பண்றது?”

அந்தப் பிரசவத்தன்று மாலையும் அவர் பதில் சொல்லியிருந்தார். நல்லா கேக்குதுங்க என்றுதான்.

கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். “ஏனுங்க, சார்ஜ் இன்னும் நொம்ப இருக்குதுங்களே. இதுக்குள்ள எதுக்குக் கொண்டாந்தீங்க?”

நர்சக்கா சாக்கை மடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? சோதனை குறித்தபடி மாரமங்கலத்திலேயே நடந்தது. நன்றாகவும் நடந்தது.

போன மாதம் அந்த பஸ்ஸில் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் யாருடைய பையோ இருந்தது. மாரமங்கலத்தில் இறங்கியதும் மகள் கைப்பேசியில் கூப்பிட்டாள். சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. “கேக்குதாப்பா?” என்றாள்.

“சொல்லு கண்ணு” என்றேன். நல்லா கேக்குது என்று மட்டும் என் வாயில் வருவதில்லை.